செருப்புத் துண்டில் ஒரு தவளை



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். மீன் பிடிக்கிற கதைதான். ஆனால் கடைசிவரை படிக்க வேண்டும் என்பது வாத்தியாரின் வேண்டுகோள்.

போன மாதம் ஸ்வீடனில் இருக்கும் என் அக்கா மகன் வீடியோ ஒன்று அனுப்பினான். "மாமா, பைக் பிடிச்சேன்" என்று எழுதியிருந்தான். ஏதோ வண்டி வாங்கிவிட்டான் என்று நினைத்து வாழ்த்து சொல்லிவிட்டேன். திறந்து பார்த்தால் மீன்! அங்கே ஏரிகளில் இருக்கும் பைக் என்ற வேட்டை மீன். வாத்து மூக்கு மாதிரி தட்டையான வாய், வாய் நிறையப் பல், பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள். நீர்ச்செடிகளுக்கு நடுவே கட்டை போல அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் அம்பு போலப் பாயும். என் மருமகன் அதைப் பிடித்தது புழுவிலோ சின்ன மீனிலோ இல்லை, தண்ணீர் மேலே மிதக்கிற ரப்பர் தவளையில்.

வீடியோவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, தொண்டையும் அடைத்தது. ஏனென்றால் இதே வித்தையை ஜவ்வாது மலையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 2006-இலேயே செய்துகாட்டினான். நான்தான் அவனை முட்டி போட வைத்தேன்.

முதலில் மீன் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பைக் மீன் நம் நாட்டில் கிடையாது. அது குளிர் தேசத்து மீன். நம் ஏரிகளில் அந்த இடத்தில் இருப்பது விரால். பாம்புத் தலை, நீண்ட உடம்பு, அல்லி இலைக்கு அடியில் பதுங்கியிருந்து தவளையையும் குஞ்சு மீனையும் பாய்ந்து பிடிக்கிற குணம். அதன் அண்ணன் அவுரி, தம்பி குரவை. மூன்றும் ஒரே குடும்பம். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே காற்றை வாங்கிக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து 'குப்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று வகுப்பில் கேட்பேனே, நினைவிருக்கிறதா? அதற்கு விடை இந்த மீன்தான்.

அந்தக் 'குப்' சத்தம்தான் தூண்டில்காரனுக்குத் துப்பு. எங்கே மூச்சு விட்டதோ அதற்கு இரண்டு மூன்று அடி தள்ளி ரப்பர் தவளையை வீசி, இலைகளின் மேல் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இந்தத் தவளை வயிறு காலியான மெத்தென்ற ரப்பர். அதில் இரண்டு முள். நுனி மேல் நோக்கி, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் இலையிலும் கோரையிலும் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். இவ்வளவுதான் சூட்சுமம்.

நம் ஊரில் முன்பெல்லாம் உயிருள்ள தவளையின் முதுகில் முள் கோர்த்து விடுவார்கள். பல ஊர்களில் இன்னமும் உண்டு. நம் ஊர் மட்டுமில்லை, ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1653-இல் எழுதிய தூண்டில் புத்தகத்தில், பைக் மீனுக்கு உயிர்த் தவளையை எப்படிக் கோர்ப்பது என்று ஒரு விளக்கமே இருக்கிறது. அறிவியல் ஆசிரியனாக எனக்கு அது பிடிக்காது. வயலில் பூச்சி தின்கிற ஜீவன் தவளை. தவளைக் கால் ஏற்றுமதியால் தவளைகள் குறைந்துபோய், 1987-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியையே தடை செய்தது. ஆகவே ரப்பர் தவளை மீனுக்குத்தான் ஏமாற்று, தவளைக்கு உபகாரம்.

இனி 2006-க்கு வருகிறேன்.

அப்போது நான் மலையில் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தவன், மலை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டேன். பள்ளியின் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயரை எழுத வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். கடைசி பெஞ்ச். திங்கட்கிழமை என்றால் தாமதம், டவுசர் நனைந்திருக்கும், மேலெல்லாம் பாசி வாடை. படிப்பில் சுமார். ஆனால் கேள்வி கேட்பான். ஒருமுறை உங்களையெல்லாம் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா? 2.34 மீட்டர் தொலைநோக்கி, வைணு பாப்புவின் பெயரில் 1986 முதல் இருப்பது. எல்லாரும் நிலாவில் பள்ளம் தெரியுமா, சனிக்கு வளையம் தெரியுமா என்று கேட்டீர்கள். இவன் மட்டும் என் சட்டையை இழுத்து, "சார், தண்ணிக்குள்ள இருக்கிற மீன் மேல பாத்தா, வானம் அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வரிசையில நில்லுடா."

அதற்கு அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, அவன் பையிலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தது. தேய்ந்த நீல ஹவாய் செருப்பின் குதிகாலில் வெட்டிய துண்டு. பிளேடால் தவளை மாதிரி செதுக்கி, சைக்கிள் ட்யூபில் இரண்டு கால் வெட்டி ஒட்டி, முள்ளை மேல் நோக்கிக் கோர்த்திருந்தான். கூடவே ஒரு குச்சியில் சுற்றிய நரம்பு. செருப்பு ரப்பர் மிதக்கும், முள் மேலே இருந்தால் இலையில் மாட்டாது என்பதையெல்லாம் அவன் யாரிடமும் படிக்கவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 1890-களின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கித் தண்ணீர் மேல் வீசியதிலிருந்துதான் பெரிய தூண்டில் கம்பெனியே பிறந்தது என்பார்கள். நம் பையனுக்குக் கிடைத்தது முட்டி போடும் தண்டனை.

அது மட்டும் இல்லை. வகுப்பு முழுக்கக் கேட்க, "மீன் பிடிக்கப் போறவனுக்குப் படிப்பு எதுக்குடா? ஏரியிலேயே கிட" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான். அந்தத் தவளையைப் பறித்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அந்த வாரம் முழுக்க வந்தான். அடுத்த வாரம் வரவில்லை. பத்து நாள் கழித்து அவன் ஊருக்குப் போனேன். அப்பா அம்மா கர்நாடகாவுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள், பையனும் கூடவே போய்விட்டான் என்று பாட்டி சொன்னார். மலையில் அது புதிதில்லை. பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது முறை நான் போகவில்லை. இதை இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

2015 ஏப்ரல் 7. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுடப்பட்ட செய்தி உங்களுக்கு மறந்திருக்காது. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். அதில் நம் மலைக்காரர்களும் இருந்தார்கள். மறுநாள் பேப்பரில் பெயர்ப் பட்டியலை விரல் வைத்துத் தேடினேன். இவன் பெயர் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். அடுத்த நிமிடமே, மற்ற பெயர்களுக்கும் ஒரு வாத்தியார் இருந்திருப்பாரே என்று தோன்றி, பேப்பரை மடித்து வைத்தேன்.

அந்த வாரம் காலைக் கூட்டத்தில் பேசினேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். "ஏஜென்ட் முன்பணம் காட்டினால், இரையைப் பார்த்து வாயைத் திறக்கிற மீன் மாதிரி போகாதீர்கள். பேராசை பெருநஷ்டம்" என்றேன். நல்லதுதானே சொன்னேன் என்று எனக்கே ஒரு திருப்தி.

2018-இல் பணி ஓய்வு. டிராயரைக் காலி செய்யும்போது நீலத் தவளை கிடைத்தது. ட்யூப் கால் ஒன்று இற்றுப்போயிருந்தது. முள் துருப்பிடித்திருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். கொரோனா காலத்தில் பொழுது போகாமல், ஒரு ராடும் ரீலும் நாலு ரப்பர் தவளையும் வாங்கினேன். உங்கள் டீச்சரம்மா, "அறுபது வயசுல ஏரிக்கரையில நிக்கப் போறீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தவளையைப் பறித்தவனுக்கு ஏதோ தண்டனை மாதிரி நானே ஏரிக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

போளூர் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஏரி. மீன் குத்தகைக்காரர் தெரிந்தவர் என்பதால் அனுமதி கிடைத்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு மீன்கூட இல்லை! தவளையை வீசுவேன், 'டப்' என்று தண்ணீர் வெடிக்கும், நான் பதறி இழுப்பேன், தவளை மட்டும் என் முகத்துக்கு நேரே பறந்து வரும்.

2022 ஜூன் மாதம் ஒரு மாலை. பின்னால் ஒரு வண்டி நிற்கிற சத்தம். பின் சீட்டில் பலாப்பழ மூட்டை. வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தவளை மறுபடியும் பறந்து வந்ததும் பேசினார்.

"அவசரப்படுறீங்க சார். சத்தம் கேட்டதும் இழுக்கக் கூடாது. அது அடிக்கிற சத்தம், கவ்வுன சத்தம் இல்ல. கவ்வித் திரும்பட்டும். நரம்பு கனம் தெரியட்டும். அப்புறம் இழுங்க."

திரும்பிப் பார்த்தேன். மீசை, நெற்றியில் ஒரு தழும்பு. அடையாளம் தெரியவில்லை.

"ஏரியிலேயே கிடன்னு என்னைச் சொல்லிட்டு, நீங்க வந்து நிக்கிறீங்களே சார்" என்று சிரித்தான்.

கையிலிருந்த ராடு நழுவிக் கீழே விழுந்தது.

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது சேர்ந்து போகிறோம். இப்போது அவன் மலையிலிருந்து சாமை, தேன், புளி, பலா என்று பருவத்துக்கு ஏற்றதைக் கீழே கொண்டுவந்து விற்கிறான். எனக்கு அவன் கற்றுக் கொடுத்த பாடங்களை உங்களுக்கும் சொல்கிறேன். தூண்டில் பிடிக்கிற பிள்ளைகளுக்கு உதவும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்னும், மாலை வெயில் சாய்ந்த பின்னும்தான் வீச வேண்டும். நிழல் தண்ணீரில் விழாமல் நிற்க வேண்டும். இலைமேல் தவளையை மெதுவாக இழுத்து, இலைகளுக்கு நடுவே தண்ணீர் தெரிகிற பொந்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துகிற அந்த நொடியில்தான் அடி விழும். நரம்பு தடித்த பின்னல் நரம்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீன் கோரைக்குள் புகுந்து அறுத்துக்கொள்ளும். பைக் மீனுக்குப் பல் கூர்மை என்பதால் தவளைக்கு முன்னால் மெல்லிய கம்பி கட்டுவார்களாம். விராலுக்கு அது தேவையில்லை.

"தவளைக்கு என்ன நிறம் நல்லது?" என்று ஒருநாள் கேட்டேன். "இருட்டுற நேரத்துல கறுப்பு போடுங்க சார். மீன் கீழ இருந்துதானே பாக்குது. அதுக்கு வானத்துல ஒரு நிழல்தான் தெரியும்" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. காவலூரில் அவன் கேட்ட கேள்வி! பதினாறு வருடம் கழித்து ஏரிக்கரையில் குச்சியால் மண்ணில் படம் வரைந்து பதில் சொன்னேன். ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் வரும்போது வளைகிறது. அதனால் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு முழு வானமும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கிவிடும். அந்த ஜன்னலின் கோணம் சுமார் 97 டிகிரி. ஓரத்தில் கரையும் மரமும் மனிதனும் நசுங்கித் தெரிவார்கள். ஜன்னலுக்கு வெளியே குளத்தின் அடிப்பகுதிதான் கண்ணாடியில் போலப் பிரதிபலிக்கும். தவளை அந்த ஜன்னலில் ஒரு கறுப்புப் புள்ளி. அவன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தான். "அதான் குனிஞ்சு நின்னா மீன் ஓடல" என்றான். இதை அன்றைக்கே, அந்த வரிசையில் நிற்கும்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

அதே வருடம் ஐப்பசி கடைசி. நல்ல மழை பெய்து ஏரி ததும்பி நின்றது. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் மேல் தூறல் விழுவது போலப் பொடிப்பொடியாக அசைந்தது. வானத்தில் மழை இல்லை. உற்றுப் பார்த்தால், சிவந்த செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்டது போல நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். விரால் குஞ்சுக் கூட்டம். கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் எது போட்டாலும் அடிக்கும் என்பதும் இப்போது தெரியும். எனக்குப் பெரிய மீன் இன்னும் கிடைக்கவில்லை. ராடைத் தூக்கினேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அதுவரை அவன் என்னைத் தொட்டதே கிடையாது.

"வேணாம் சார். அது இப்ப பசிக்கு வாயைத் தொறக்காது. புள்ளைங்களுக்காகத் தொறக்கும். அதைப் புடிச்சுட்டா, பொழுது சாயறதுக்குள்ள இத்தனையையும் மத்த மீனு தின்னுடும்."

ராடைக் கீழே வைத்தேன். இருவரும் கரையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான்.

"நானும் போனேன் சார், ஆந்திராவுக்கு. மரம் வெட்டத்தான். எந்த மரம், எங்கன்னு எல்லாம் தெரிஞ்சுதான் போனேன். தங்கச்சி பிரசவத்துல படுத்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் பணம் வேணும். ஏஜென்ட் ஊருக்கே வந்து முன்பணம் குடுத்தான். ரெண்டாவது தடவை போனப்ப மாட்டிக்கிட்டேன். அந்த 20 பேர் செத்தப்ப நான் ஜெயில்ல இருந்தேன். உள்ள இருந்ததாலதான் வெளிய இருக்கேன்."

2016-இல் ஜாமீனில் வந்திருக்கிறான். வழக்குக்கு வாய்தா வாய்தாவாக அலைந்திருக்கிறான். தங்கை பிழைத்துக்கொண்டாள்.

"நீங்க கூட்டத்துல பேசினதை என் சித்தப்பா பையன் வந்து சொன்னான் சார். பேராசைன்னு சொன்னீங்களாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

நான் பதில் சொல்லவில்லை. மலையில் பேராசைக்காரர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. சட்டத்துக்கு விரோதமான வேலை சரி என்றும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் 27 வருடம் பாடம் நடத்திய நான், மீன் ஏன் கவ்வுகிறது என்பதற்கு ஒரே ஒரு காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பசி, ஆசை. அவ்வளவுதான். காவல் காக்கிற மீனும் அதே தவளையை அதே வேகத்தில் கவ்வும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும், மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. அந்தக் காலைக் கூட்டத்தில் என் எதிரே நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருடைய அப்பாவும் அண்ணனும் போயிருந்தார்களோ! அவர்கள் தலை குனிந்து நின்றதை நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்வீடன் மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் ஒரு விஷயம் சொன்னான். பைக் மீன் முட்டையைச் செடிகளில் போட்டுவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. அதைப் பிடிப்பதற்கு இப்படி ஒரு தர்மசங்கடம் கிடையாது. நம் விரால்தான் குஞ்சுகளுக்காக நிற்கிறது, நிற்பதாலேயே மாட்டிக்கொள்கிறது.

அடுத்த வாரம் அந்த நீலத் தவளையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். "மன்னிச்சுடுப்பா" என்றேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முள்ளு அப்பவே கொஞ்சம் சின்னது சார், பெரிசு போட்டிருக்கணும்" என்றான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் முதல் விரால் 2023 பொங்கல் கழித்துக் கிடைத்தது. அடித்த சத்தம் கேட்டது, கை பரபரத்தது, அவன் பக்கத்தில் நின்று "இருங்க… இருங்க… இப்ப" என்றான். ஒன்றரை கிலோ. டீச்சரம்மா குழம்பு வைத்தார். அவனும் அவன் பெண் குழந்தையும் வந்து சாப்பிட்டார்கள். அந்தப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சாம். நிறையக் கேள்வி கேட்கிறாளாம். நீலத் தவளைக்குப் புதுக் கால் ஒட்டியது அவள்தான்.

நம் பழைய மாணவர்களில் ஆசிரியராக இருப்பவர்கள் பலர் உண்டு. உங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் ஒருமுறை போய்ப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், இரண்டாவது முறையும் போங்கள். இரண்டு, வரிசையில் நிற்கும் பையன் கேட்கிற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள். மூன்று, தூண்டில் போடுகிறவர்களுக்கு: குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் வீசாதீர்கள்.

இன்னும் ஒன்று. நான் வகுப்பில் சொன்ன ஏதாவது ஒரு சொல் உங்களில் யாருக்காவது முள்ளாகக் குத்தி இன்னும் உள்ளேயே இருந்தால், தயங்காமல் எழுதுங்கள். போன் செய்தாலும் சரி. எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. மாலையில் மட்டும் ஏரியில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்